கத்தியா, மருந்தா, குலுக்கலா, காத்திருப்பா: கண் நரம்பு ஆய்வுக்குக் கையெழுத்துப் போடும் முன்

காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் பாதியைத் திரை போட்டு மறைத்தது போல இருக்கும். வலி இருக்காது. பார்வை நரம்பின் முன்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வரும் கோளாறு இது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும். 1980களின் இறுதியில் சில அறுவை மருத்துவர்கள் இதற்கு வழி கண்டதாகச் சொன்னார்கள். நரம்பைச் சுற்றியுள்ள உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைத்தால் பார்வை திரும்புகிறது என்றார்கள். செய்துகொண்டவர்களில் பலர் தேறவும் செய்தார்கள். அறுவை வேகமாகப் பரவியது.

அப்புறம் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு அறுவை செய்தார்கள். மறு பாதியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். 1995இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் எழுத்து அட்டையில் மூன்று வரி அல்லது அதற்கு மேல் முன்னேறியவர்கள், அறுவை செய்துகொண்டவர்களில் 32.6 சதவீதம். கத்தி படாதவர்களில் 42.7 சதவீதம். மூன்று வரி அல்லது அதற்கு மேல் இழந்தவர்களோ, அறுவைப் பிரிவில் 23.9 சதவீதம், மற்றதில் 12.4 சதவீதம். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அறுவை தோற்றதை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தேறவே தேறாது என்று அதுவரை நினைத்திருந்த நோயில் பத்துக்கு நான்கு பேர் தாமாகவே தேறியிருக்கிறார்கள். ஒப்பிட ஒரு பிரிவை வைக்காதவரை அது யார் கண்ணிலும் படவில்லை. நோய் தானாக விட்டுக்கொடுத்ததையெல்லாம் கத்தியின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பார்வை நரம்புக் கோளாறோ கண் அசைவுக் கோளாறோ வந்து, மருத்துவர் ஆய்வுப் படிவம் ஒன்றை நீட்டும்போது இந்தக் கதை நினைவில் இருப்பது நல்லது. அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் வழிகள் ஏறக்குறைய நான்கு. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம். எதுவும் செய்யாமல், ஆனால் தேதி தவறாமல் சோதனைக்குப் போய்க் காத்திருக்கலாம். சிகிச்சையை மாற்றாமல், நம் பரிசோதனை விவரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் பதிவு ஆய்வில் சேரலாம். அல்லது புதிய மருந்தா, போலி மருந்தா என்பதைக் கணினி குலுக்கிப் போடும் ஆய்வில் சேரலாம்.

பதிவு ஆய்வைப் பற்றி யோசிக்க அதிகமில்லை. கூடுதல் அலைச்சலும் சில சோதனைகளும்தான் விலை. நேரம் இருந்தால் சேரலாம். குழப்பமெல்லாம் மற்ற மூன்றில்தான். அதைத் தீர்க்க இரண்டு கேள்வி போதும் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, இந்த நோய் தானாக எவ்வளவு தேறும்? இரண்டு, ஆய்வில் போலி மருந்து விழுந்து, அந்த மாதங்களில் எதையாவது இழந்தால், அதைப் பிறகு மீட்க முடியுமா?

இரண்டாவது கேள்வியில் பார்வை நரம்பும் கண் அசைவும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள். செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை. கண் அசைவு அப்படியில்லை. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இழுவை கோணினால் இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்துப் பட்டகக் கண்ணாடியாலோ ஊசியாலோ அறுவையாலோ பெரும்பாலும் சரிக்கட்டலாம். ஆகவே ஒரே மாதிரிப் படிவம், ஒரே மாதிரிக் குலுக்கல் என்றாலும் இரண்டிலும் பணயம் வைப்பது ஒன்றல்ல.

முதலில் பார்வை நரம்பு அழற்சி. இளவயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வருவது. கண்ணை அசைத்தால் வலிக்கும், நிறங்கள் வெளிறும், சில நாளில் பார்வை இறங்கும். இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஆய்விலிருந்து வந்தது. 1988க்கும் 1991க்கும் இடையே அமெரிக்காவின் 15 மையங்களில் 457 பேரைச் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று நாள் இரத்தக் குழாய் வழியாக அதிக அளவு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றி, பிறகு மாத்திரை. இரண்டாவது பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும். மூன்றாவதற்குப் போலி மாத்திரை.

குழாய் வழியாக ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்து எழுத்து அட்டையில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. ஆச்சரியம் இரண்டாவது பிரிவில் இருந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி திரும்பத் திரும்ப வந்தது. ஐந்தாண்டுக் கணக்கில் அவர்களில் 41 சதவீதத்தினருக்கு மறுபடி வந்தது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் 25 சதவீதம். இடைப்பட்ட சமரசமாகத் தோன்றிய வழிதான் மூன்றிலும் மோசமானது. அதிக அளவை வாய் வழியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழுகிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் வெளிவந்த ஒரு சிறிய கனடா ஆய்வில், 1000 மில்லிகிராமைக் குழாயில் ஏற்றுவதும் அதற்கு ஈடாக 1250 மில்லிகிராம் பிரெட்னிசோனை விழுங்குவதும் பார்வையில் வேறுபாடு காட்டவில்லை. அதனால் கவனிக்க வேண்டியது மாத்திரையா ஊசியா என்பதைவிட அளவைத்தான்.

இந்த நோயில் வழிகளை எப்படி எடை போடுவது? வழக்கமான வகை என்று உறுதியானால் காத்திருப்பதும் கௌரவமான தேர்வுதான். வேலைக்கு அவசரமாகப் பார்வை வேண்டும், வலி தாங்கவில்லை, மற்றக் கண் முன்பே பலவீனம் என்றால் குழாய் வழி ஸ்டீராய்டு. குலுக்கல் ஆய்வென்றால், எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு அதன் மேல் புது மருந்தையோ போலி மருந்தையோ சேர்க்கும் வகையில் தயங்காமல் சேரலாம் என்பேன். ஜெர்மனியில் எரித்ரோபொயட்டின் ஆய்வு அப்படித்தான் நடந்தது. முந்தைய சிறிய ஆய்வில் அந்த மருந்து நரம்பு இழைகளைக் காப்பது போலத் தெரிந்தது. நூற்றுச் சொச்சம் பேரை வைத்து மறுபடி பார்த்தபோது, 2021இல் வந்த முடிவு: காக்கவில்லை. போலி மருந்து விழுந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. உண்மையில் தேவையில்லாத ஒரு மருந்திலிருந்து தப்பினார்கள்.

457 பேர் ஆய்வில் இன்னொரு பயனும் உண்டு. சேர்ந்தவர்களைப் பதினைந்து ஆண்டு விடாமல் தொடர்ந்தார்கள். முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் புள்ளி எதுவும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும், ஒன்றோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும் அந்தக் காலத்துக்குள் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலே தாக்கும் நோய்) வந்தது. இன்றும் நரம்பியல் மருத்துவர் உங்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த எண்கள்தான் பின்னணியில் இருக்கின்றன. குறுகிய ஆய்வை விட நீண்ட ஆய்வில் சேர்வது ஏன் மேல் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மேலே சொன்னதெல்லாம் வழக்கமான வகைக்கு மட்டும். அதே அழற்சி வேடத்தில் வரும் இன்னொன்று இருக்கிறது, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. 2004இல்தான் அதற்குரிய எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் அது. இங்கே ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போகும். இரண்டு தாக்குதலில் ஒருவர் பார்வையை முழுதாக இழக்கலாம். காத்திருப்பு இந்த நோய்க்குப் பொருந்தாது. எக்குலிசுமாப் மருந்தின் ஆய்வில், 2019இல் வெளியானபடி, மருந்து பெற்ற 96 பேரில் 3 பேருக்குத்தான் தாக்குதல் மீண்டும் வந்தது; போலி மருந்து பெற்ற 47 பேரில் 20 பேருக்கு வந்தது. அந்த இருபது பேரால்தான் நமக்கு விடை கிடைத்தது. ஆனால் விடை கிடைத்த பிறகு அதே நோயில் போலி மருந்து வைத்த இன்னொரு ஆய்வுக்கு ஒருவரைக் கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆய்வாளர்களும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். ராவுலிசுமாப் என்ற அடுத்த மருந்தை 58 பேருக்குக் கொடுத்தபோது போலி மருந்துப் பிரிவே வைக்கவில்லை. பழைய எக்குலிசுமாப் ஆய்வின் போலிப் பிரிவையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தாக்குதல் மீளவில்லை. இப்படி இரவல் வாங்கிய ஒப்பீடு இங்கே செல்லும், ஏனென்றால் வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. முதலில் சொன்ன இரத்த ஓட்டக் கோளாறில் இதே இரவலைச் செய்திருந்தால் இன்றும் அறுவை நடந்துகொண்டிருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று, மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பின் தலை வீங்கும் நோய். பெரும்பாலும் எடை கூடிய இளம்பெண்களுக்கு வரும். 165 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பார்வை இழப்பு லேசாக இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். எல்லோருக்கும் எடைக் குறைப்பு உணவுத் திட்டம், பாதிப் பேருக்கு அசெட்டசோலமைடு, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. பார்வைப் புலம் மருந்துப் பிரிவில் சராசரியாக 1.43 டெசிபெல்லும் போலிப் பிரிவில் 0.71 டெசிபெல்லும் (பார்வைப் புலச் சோதனையின் அலகு) முன்னேறியது. போலிப் பிரிவும் முன்னேறியதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியம், பார்வை குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறங்கினால் சிகிச்சை தோற்றதாக அறிவிக்கும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அப்படி அறிவிக்கப்பட்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் போலிப் பிரிவு.

எனக்கு இப்படிப்பட்ட விதிதான் நல்ல ஆய்வின் அடையாளம். படிவம் கையில் வந்ததும் மருந்தின் பெயரைத் தேடுவதற்கு முன், "மோசமானால் எந்தக் கட்டத்தில் என்னை வெளியே எடுப்பீர்கள், எடுத்து என்ன கொடுப்பீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணும் நாளும் சொல்லிப் பதில் வந்தால் சரி. "மருத்துவர் தீர்மானிப்பார்" என்று மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். நோய் கடுமையாகி நாள் கணக்கில் பார்வை குறைகிறது என்றால் குலுக்கலுக்கே இடமில்லை, நேரே சிகிச்சைதான். கடுமையானவர்களுக்கு மருந்து மட்டும் போதுமா, அறுவையும் சேர்க்க வேண்டுமா, எந்த அறுவை என்று குலுக்கிப் பார்க்க அமெரிக்காவில் ஒரு ஆய்வைத் தொடங்கி, சேர ஆள் போதாமல் நிறுத்தவேண்டி வந்தது. அந்த நிலையில் இருப்பவர் தன் கண்ணைக் கணினியிடம் ஒப்படைக்கத் தயங்கினால் குறை சொல்ல முடியுமா?

பரம்பரையாக வரும் லெபர் பார்வை நரம்பு நோயில் கதை இன்னும் விசித்திரமாகப் போனது. இளம் ஆண்களுக்கு முதலில் ஒரு கண், சில வாரம் அல்லது மாதத்தில் மறு கண் என்று போய்விடும். தானாகத் தேறுவது சிறுபான்மையே. மரபணுவை ஏற்றிய வைரஸை ஒரு கண்ணுக்குள் ஊசியால் செலுத்தி, மறு கண்ணுக்குப் பொய் ஊசி போட்டு ஒப்பிட்டார்கள். ஒருவரே மருந்துப் பிரிவும் போலிப் பிரிவும். கச்சிதமான ஏற்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். முடிவைப் பார்த்தால் பொய் ஊசி போட்ட கண்ணும் தேறியிருந்தது! குரங்குகளில் சோதித்தபோது, ஊசி போடாத கண்ணிலும் அந்த வைரஸின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஒரு பக்கம் பார்த்தால், ஒப்பீட்டுக் கண்ணையே மருந்து தொட்டுவிட்டது. மறு பக்கம், இரு கண்ணும் தேறியதற்கு நோயின் இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற வாதத்தை அந்த ஏற்பாட்டால் தீர்க்க முடியவில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் என்று யாராவது ஆய்வு சொன்னால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். இழப்பதற்கு மீதம் அதிகமில்லாத இந்த நோயில், சேர்வதன் பக்கமே நான் சாய்வேன்.

சரி, கண் அசைவுக்கு வருவோம். இங்கே காத்திருப்பு, குலுக்கல் இரண்டுக்கும் மதிப்பெண் கூடும்.

ஆறாம் நரம்பு வலுவிழந்தால் கண் வெளிப்பக்கம் திரும்பாது, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். எதிர்த் தசையில் போட்டுலினம் ஊசி போட்டு அதைத் தளர்த்தினால் இழுபறி குறையும். ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணுக்காக வளர்த்தெடுத்த ஊசி இது. 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முகச் சுருக்கத்துக்குப் பிரபலமானதெல்லாம் பிறகு. அடிபட்டதால் வந்த ஆறாம் நரம்புப் பலவீனத்தில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் 2000இல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. தேறியவர்கள் 73 சதவீதம், 71 சதவீதம். ஆனால் அது குலுக்கல் ஆய்வு அல்ல, யாருக்கு ஊசி என்பதை மருத்துவர்களே முடிவு செய்தார்கள். அதனால் இந்த இரண்டு எண்ணையும் ஒன்றென்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சில மாதம் சமாளிக்க முடிகிறவர் காத்திருக்கலாம். முடியாதவர் ஊசி போட்டுக்கொள்ளலாம். யாராவது குலுக்கல் நடத்தினால் சேர்ந்துவிடலாம், எந்தப் பக்கம் விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

அவ்வப்போது கண் வெளிப்பக்கம் ஒதுங்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் கண்ணை மூடிவைக்கப் படும் பாடு தெரிந்ததே. 3 முதல் 10 வயது வரையான 358 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் மோசமானவர்கள் மூடாதவர்களில் 6.1 சதவீதம், தினம் சில மணி நேரம் மூடியவர்களில் 0.6 சதவீதம். மூடுவதில் பலன் உண்டு. ஆனால் மூடாத நூறு பேரில் 94 பேருக்கும் எதுவும் ஆகவில்லை. குழந்தை ஒட்டுப்பட்டையைப் பிய்த்தெறிந்து வீடு ரணகளமானால், விட்டுப் பிடிப்பதில் தவறில்லை. ஒன்று மட்டும்: சிறு குழந்தையின் மூளை ஒதுங்கும் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிட்டால் அது திரும்பாத இழப்பாகலாம். அதனால் காத்திருப்பு என்றால் சோதனைத் தேதியைத் தவறவிடாத காத்திருப்பு.

படிக்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கிக் குவிய மறுக்கும் கோளாறில் 221 பிள்ளைகளை 12 வாரம் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2008இல் வந்த அதன் முடிவில், மருத்துவமனையில் பயிற்சியாளர் கொடுத்த பயிற்சியில் 73 சதவீதத்தினர் தேறினார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியில் 43. கணினிப் பயிற்சியோடு பென்சிலும் சேர்த்தால் 33. பயிற்சியாளர் அதே ஆர்வத்தோடு நடத்திய போலிப் பயிற்சியில் 35. நானாக இருந்தால் வீட்டுப் பயிற்சியைத் தவிர்த்து மருத்துவமனைப் பயிற்சிக்கே போவேன். ஆனால் படிப்பில் மதிப்பெண் கூடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப மாட்டேன். 2019இல் வெளியான அடுத்த ஆய்வில், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் உண்மைப் பயிற்சிக்கும் போலிப் பயிற்சிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

கண் தானாகத் துடிக்கும் நிஸ்டாக்மஸ் கோளாறில் வேறொரு வசதி உண்டு. மருந்து வேலை செய்தால் அன்றே அளவிட முடியும், விட்டால் பழைய நிலைக்கே வரும். ஆகவே ஒருவருக்கே ஒரு நாள் மருந்து, இன்னொரு நாள் போலி என்று மாற்றிக் கொடுத்து ஒப்பிடலாம். கீழ்நோக்கித் துடிக்கும் வகைக்கு 3,4-டைஅமினோபிரிடின் என்ற மருந்து உதவுவதை 2003இல் வெறும் 17 பேரைக் கொண்டு இப்படித்தான் காட்டினார்கள். எல்லோருக்கும் மருந்து கிடைக்கும், எந்த நாளில் என்பதுதான் தெரியாது. இந்த வகைப் படிவம் வந்தால், இதய நோய், வலிப்பு போன்ற தடை எதுவும் இல்லாதவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

எந்த ஆய்விலும் ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் மருத்துவர் அல்ல, நெறிமுறைக் கோப்பு. அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் குலுக்கல் குலுக்கல்தான்.

கடைசியாக, பணம் கேட்கும் ஆய்வு. அரசுப் பதிவேட்டில் ஒரு எண் இருப்பதாலேயே அது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாகிவிடாது. அமெரிக்காவில் விழித்திரைத் தேய்வு இருந்த மூன்று பெண்களுக்கு, அவர்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த குருத்தணு (ஸ்டெம் செல்) என்று சொல்லி இரு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டு, மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்ததை 2017இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆளுக்கு 5000 டாலர் கட்டியிருந்தார்கள். அந்தச் சிகிச்சை பதிவேட்டில் ஆய்வாக இருந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லை, இரு கண்ணையும் ஒரே நாளில் தொட்டார்கள், பணம் வாங்கினார்கள். பார்வை நரம்புக்குக் குருத்தணு ஊசி என்று வரும் அழைப்புகளில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு இருந்தாலே எழுந்து வந்துவிடலாம்.